மோரிஸ் 1100: இடப்பக்கம் படுத்துவிட்டது, ஹைட்ரோலாஸ்டிக்கை வீட்டில் செய்த பம்பால் நிரப்பலாமா?

இடச்சாய்வு

வணக்கம். என்னிடம் இருப்பது 1966 மோரிஸ் 1100. ரப்பரும் அழுத்தத்தில் அடைத்த திரவமும் சேர்ந்து காரைத் தாங்கும் ஹைட்ரோலாஸ்டிக் சஸ்பென்ஷன் கொண்டது. இடப்பக்கம் முன்னும் பின்னும் ஒருசேரத் தணிந்து ரப்பர் தடுப்புகளின் மேல் உட்கார்ந்துவிட்டது. வலப்பக்கம் நிமிர்ந்தே நிற்கிறது. அடியில் படுத்துப் பார்த்தால், முன்னிருந்து பின்னுக்கு ஓடும் இரும்புக் குழாயில் துரு தின்று ஓட்டை விழுந்திருக்கிறது. குழாயை மாற்றியாகிவிட்டது. இப்போது அந்தப் பக்கத்தில் திரவம் அறவே இல்லை.

நிரப்பும் இயந்திரம் வைத்திருக்கும் பட்டறை எதுவும் எட்டும் தூரத்தில் இல்லை. வண்டியை அங்கே கொண்டுபோவதைவிட இயந்திரத்தையே செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். பழைய கிரீஸ் கன் ஒன்று சும்மா கிடக்கிறது. அதற்கு ஒரு பிரஷர் கேஜும் வால்வில் பொருந்தும் முனையும் மாட்டினால் போதுமா? வெற்றிடப் பம்ப் கட்டாயமா? திரவத்துக்கு என்ன செய்கிறீர்கள்?

கிரீஸ்துளி

தாராளமாகப் போதும். என் மினி காரிலும் இதே சஸ்பென்ஷன்தான், அது கிரீஸ் கன் தயவில்தான் நிற்கிறது. கன்னை முழுவதும் பிரித்து, கிரீஸ் வாடைகூட இல்லாதபடி மண்ணெண்ணெயிலும் பிறகு சோப்புத் தண்ணீரிலும் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். எண்ணெய்ப் பசை உள்ளே போனால் ரப்பருக்கு ஆகாது. அந்த ஒன்றில் மட்டும் சோம்பல் கூடாது.

வெற்றிடம் எல்லாம் டீலர் பட்டறைகள் பெரிய தள்ளுவண்டி வைத்திருந்த காலத்து ஆடம்பரம். நான் அதைத் தொட்டதே இல்லை.

சக்கரவாகம்

சிட்ரோயன் டிஎஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் பச்சை நிற எல்எச்எம் எண்ணெய் நிறைய இருக்கிறது. இரண்டுமே திரவ சஸ்பென்ஷன்தானே, அதை ஊற்றினால் என்ன?

பழையகையேடு

சக்கரவாகம், தயவுசெய்து வேண்டாம். எல்எச்எம் கனிம எண்ணெய். சிட்ரோயனின் சீல்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை. ஹைட்ரோலாஸ்டிக்கில் ஓடுவது நீரும் ஆல்கஹாலும் கலந்த கலவை. உள்ளே இருக்கும் ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதிப்போகும். அதன் பிறகு டிஸ்பிளேசரை, அதாவது ரப்பரும் திரவமும் அடங்கிய கலத்தை, கழற்றித் தூக்கி எறிய வேண்டியதுதான். இரண்டு அமைப்புகளும் வேலை செய்யும் விதமே வேறு. சிட்ரோயனில் இன்ஜின் ஓட்டும் பம்ப் ஓயாமல் அழுத்தம் தருகிறது. இங்கே பம்பே கிடையாது. ஒருமுறை நிரப்பி மூடினால் அடுத்த கசிவு வரை அப்படியே இருக்கும்.

இடச்சாய்வு, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிரீஸ்துளி தம்பி சொல்வது அவருடைய காருக்குச் சரியாக இருந்திருக்கலாம். உங்கள் நிலைமை வேறு. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் விரிவாகப் போக வேண்டும்.

1962-இல் மோரிஸ் 1100 வந்தபோது அதன் பெரிய புதுமையே இந்த சஸ்பென்ஷன்தான். காரை வடிவமைத்தவர் இசிகோனிஸ், சஸ்பென்ஷன் அலெக்ஸ் மோல்டனுடையது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு டிஸ்பிளேசர். அதன் ஒரு முனையில் கூம்பு வடிவ ரப்பர் ஸ்பிரிங், மறுமுனையில் ரப்பர் சவ்வும் அதைத் தள்ளும் பிஸ்டனும். இடையில் திரவம். அந்தத் திரவம் போய்வர ஒரு தட்டில் சிறு ரப்பர் வால்வுகள் உண்டு. ஷாக் அப்சார்பரின் வேலையை அவையே பார்த்துவிடுகின்றன. முன் டிஸ்பிளேசரும் அதே பக்கத்துப் பின் டிஸ்பிளேசரும் குழாயால் இணைந்தவை. முன் சக்கரம் மேட்டில் ஏறினால் திரவம் பின்னுக்கு ஓடிப் பின்பகுதியையும் தூக்கிவிடும். கார் முன்னும் பின்னும் தலையாட்டாது. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தொடர்பே இல்லை. அதனால்தான் உங்கள் காரில் ஒரு பக்கம் முழுவதும் படுத்தது. ஒரு மூலை மட்டும் தணிந்திருந்தால் நான் திரவத்தைச் சந்தேகிக்கவே மாட்டேன். சஸ்பென்ஷன் கையில் தேய்மானம் தேடியிருப்பேன்.

இதில் கவனிக்க வேண்டியது, ஷாக் அப்சார்பர் வேலை செய்யும் வால்வுகள் திரவத்துக்காகச் செய்யப்பட்டவை. அங்கே காற்று புகுந்தால் அவை எதையும் தடுக்காது. சற்றுக் குறைந்துபோன திரவத்தைச் சேர்ப்பது ஒரு வேலை; குழாயைக் கழற்றிக் காலி செய்த பக்கத்தை நிரப்புவது முற்றிலும் வேறு வேலை. முதல் வேலைக்கு வெற்றிடம் தேவையில்லை. இரண்டாவதற்குத் தேவை. தம்பி, உங்கள் மினியில் குழாய் எப்போதாவது திறக்கப்பட்டதா?

கிரீஸ்துளி

இல்லை ஐயா. வால்வு வழியாக மெல்லக் கசிந்ததுதான். வால்வின் உள்முள்ளை மாற்றிவிட்டு மேலே சேர்த்தேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அவ்வளவு அழுத்தத்தில் உள்ளே மிஞ்சும் காற்று நசுங்கி ஒன்றுமில்லாமல் போய்விடாதா?

வெற்றிடம்

நல்ல கேள்வி, கணக்குப் போட்டே பார்க்கலாம். காலியான பக்கத்தில் ஒரு லிட்டர் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எளிதாகக் கணக்கிட எடுத்துக்கொண்ட அளவு, உண்மையான கொள்ளளவு அல்ல. வேலை அழுத்தம் 225 பி.எஸ்.ஐ. என்றால், வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து ஏறத்தாழ 240. அது வளிமண்டலத்தைப் போல 16 மடங்கு. ஒரு லிட்டர் காற்று 60 மில்லிலிட்டருக்குச் சற்று மேலாகச் சுருங்கும். சுருங்குமே தவிர மறையாது. ஒவ்வொரு குழியிலும் அந்தக் காற்றுப் பை சுருங்கி விரிந்துகொண்டிருக்கும். பின்னுக்குப் போக வேண்டிய திரவத்தின் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். மோல்டன் கணக்கில் எடுக்காத ஒரு காற்று ஸ்பிரிங்கை நாமே சேர்த்துவிட்டோம்.

இனி 27 அங்குல பாதரச அளவுக்கு வெற்றிடம் இழுத்துவிட்டு நிரப்புங்கள். முழு வெற்றிடம் ஏறத்தாழ 30 அங்குலம். ஆகவே உள்ளே மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு காற்று. அது அழுத்தத்தில் ஆறு மில்லிலிட்டராகிவிடும். அந்த அளவைத் திரவமே கரைத்துக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு.

பிரேக்கைப் போலக் காற்றை வெளியேற்றிவிடலாமே என்று அடுத்த கேள்வி வரும். முடியாது. வால்வு குழாயோடு பின்னால் இருக்கிறது, காற்று டிஸ்பிளேசர்களுக்குள் உயரமான இடத்தில் போய்த் தங்கும். வால்வைத் திறந்தால் திரவம்தான் வெளியே வரும். இரண்டு டிஸ்பிளேசர்களிலும் தனித்தனித் திறப்பு எதுவும் இல்லை.

இடச்சாய்வு

புரிந்தது, வெற்றிடம் உண்டு. கிரீஸ் கன் போதும் என்ற நினைப்பையும் கைவிட வேண்டுமா?

ஈயப்பற்று

கைவிடுங்கள். கிரீஸ் கன் ஒரு அழுத்தலுக்கு மிகச் சிறிய அளவையே தள்ளும். காலியான பக்கத்தை அதால் நிரப்பினால் கை ஓய்ந்துவிடும். அது கெட்டியான கிரீஸுக்காகச் செய்தது. தண்ணீர் போன்ற திரவம் பிஸ்டனைச் சுற்றிப் பின்னால் வழியும், உறிஞ்சும்போது காற்றையும் சேர்த்து இழுக்கும். இன்னொரு ஆபத்து, அது ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ.யை அலட்டிக்கொள்ளாமல் தரக்கூடியது. கேஜைப் பார்க்காமல் ஒரு அழுத்தல் கூடுதலாகப் போனால் அறுபது வயது ஹோஸ் உங்களிடம் அனுமதி கேட்காது.

குழாய் வேலை செய்பவர்கள் புதிய நீர்க்குழாய்களைச் சோதிக்க ஒரு கைப்பம்ப் வைத்திருப்பார்கள். நீள்சதுரத் தொட்டி, மேலே நெம்புகோல், பக்கத்தில் கேஜ். பெரும்பாலும் 50 பார் வரை தாங்கும், அதாவது 700 பி.எஸ்.ஐ.க்கு மேல். நமக்கு வேண்டியது 16 பாரை ஒட்டித்தான். தண்ணீருக்கென்றே செய்யப்பட்டது, திரும்பி வராத வால்வு உள்ளேயே இருக்கிறது, தொட்டியில் லிட்டர் கணக்கில் ஊற்றலாம். ஆல்கஹால் கலவை அதன் சீல்களுக்கு நெடுநாள் நல்லதல்ல. வேலை முடிந்ததும் வெறும் தண்ணீர் விட்டுச் சில முறை அடித்துவிட்டால் போதும்.

நான் கட்டியிருக்கும் அமைப்பு இது. பம்பிலிருந்து வரும் ஹோஸ் ஒரு டி-இணைப்பில் முடிகிறது. டி-யின் ஒரு கை காருக்கு, மற்றொரு கை வெற்றிடத்துக்கு. பம்ப் பக்கம் ஒரு பந்து வால்வு, வெற்றிடப் பக்கம் ஒரு பந்து வால்வு. காருக்குப் போகும் கையில் நல்ல கேஜ். முக்கியமான வேலை, இணைப்பதற்கு முன்பே பம்ப் பக்கத்து வால்வு வரை ஹோஸில் திரவம் நிறைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாடுபட்டு வெற்றிடம் இழுத்துவிட்டு ஹோஸில் இருக்கும் காற்றை நாமே உள்ளே அனுப்புவோம்.

வரிசை: இரண்டு வால்வுகளையும் மூடு. காரோடு இணை. வெற்றிடப் பக்கத்தைத் திற, இழு. 27 அங்குலம் வந்ததும் அந்த வால்வை மூடிவிட்டுக் கால் மணி நேரம் கேஜைப் பார்த்துக்கொண்டிரு. முள் நகர்ந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, நிரப்புவதில் பயனில்லை. நகராவிட்டால் பம்ப் பக்கத்தைத் திற. பெருமளவு திரவத்தை வெற்றிடமே உறிஞ்சிக்கொள்ளும். அது நின்ற பிறகுதான் நெம்புகோலுக்கு வேலை. தொட்டியில் திரவ மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும், அதில் ஒரு கண் வையுங்கள். உறிஞ்சுவாய் வெளியே தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து.

கேஜ் பற்றியும் ஒரு சொல். 1000 பி.எஸ்.ஐ. வரை காட்டும் மலிவுக் கேஜ் தன் அளவின் தொடக்கத்தில் எதையும் சரியாகக் காட்டாது. நமக்கு வேண்டிய எண் அளவின் நடுப்பகுதியில் விழும் கேஜாக, 400 அல்லது 600 வரை உள்ளதாக எடுங்கள். அதுவும் வெற்றிடத்தையும் அழுத்தத்தையும் ஒரே முள்ளில் காட்டுவதாக இருக்க வேண்டாம். வெற்றிடத்துக்குத் தனிக் கேஜ், அதை வெற்றிடப் பக்கத்து வால்வின் காரை நோக்கிய பக்கத்தில், தனி அடைப்போடு வையுங்கள். அடைப்பை மறந்து அழுத்தம் ஏற்றினால் அந்தக் கேஜின் கதை முடிந்தது.

கிரீஸ்துளி

வெற்றிடத்துக்குப் பழைய குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரஸர் எடுத்தால்?

ஈயப்பற்று

நன்றாகவே இழுக்கும். ஆனால் திரவம் ஒரு வாய் உள்ளே போனாலும் அது முடிந்தது. நடுவில் ஒரு பிடிப்பான் கலம் வைத்தே ஆக வேண்டும். ஊறுகாய்ப் பாட்டிலை வைக்காதீர்கள். வெற்றிடத்தில் கண்ணாடி உள்நோக்கி வெடிக்கும். தடித்த உலோகக் கலம்தான்.

வெற்றிடம்

கூடவே இதையும் கேளுங்கள். திரவத்தில் இருக்கும் ஆல்கஹால் மெத்தனாலாக இருந்தால் அந்த ஆவி கம்ப்ரஸர் வழியே வெளியே வரும். பக்கத்தில் மின்பொறி வைக்கும் ரிலே இருக்கிறது. மெத்தனால் தீயின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. காற்றுக் கம்ப்ரஸர் வைத்திருப்பவர்கள் அதில் ஓடும் வென்டுரி வகை வெற்றிடக் கருவியை வாங்கலாம். அதில் மின்சாரமே இல்லை, 27 அங்குலத்தை எட்டிவிடும். எப்படியானாலும் வேலையைத் திறந்த வெளியில் வையுங்கள்.

27-க்கு மேல் போனால் இன்னும் நல்லது என்று நினைக்கவும் வேண்டாம். அந்த வெற்றிடத்தில் உள்ளே மிஞ்சும் அழுத்தம் ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல். சுத்த மெத்தனால் 20 டிகிரியிலேயே அதற்கு மேல் ஆவியழுத்தம் காட்டும், அதாவது கொதிக்கும். நீர் கலந்ததால் கலவை சற்றுத் தாக்குப்பிடிக்கும். வெயிலில் சூடேறினால் அதுவும் கொதிக்கத் தொடங்கும். குழாயில் பழைய திரவம் தேங்கியிருந்தால் முள் ஓர் இடத்தில் நின்றுகொண்டு மேலே ஏறாது. கசிவு என்று நினைத்து யூனியன்களை, அதாவது குழாய் இணைப்புகளை, திருகிக்கொண்டே இருப்பார்கள். உண்மையில் அது ஆவி. தேங்கியதை முதலில் வடித்துவிட்டுக் காலை வேளையில் வேலை செய்யுங்கள்.

இடச்சாய்வு

திரவம் பற்றி யாரும் முடிவாகச் சொல்லவில்லையே. மெத்தனாலைக் கையில் தொடவே யோசனையாக இருக்கிறது.

பழையகையேடு

யோசிப்பது சரிதான். மெத்தனால் தோல் வழியாகவும் உடலில் ஏறும், பார்வையைப் பறிக்கும். பழைய கலவை பாதிக்குப் பாதி நீரும் ஆல்கஹாலும், கூடவே துருவைத் தடுக்கச் சிறிதளவு மருந்துகள். ஆல்கஹாலின் வேலை குளிரில் உறையாமல் காப்பது. சஸ்பென்ஷன் நடப்பதற்கும் ஆல்கஹாலுக்கும் தொடர்பில்லை. ஆனால் துருத் தடுப்பு மருந்தை விட்டுவிட முடியாது, குழாய் இரும்பு. ஆயத்தத் திரவம் இன்றும் சில உதிரிபாக விற்பனையாளர்களிடம் கிடைக்கிறது. கிடைத்தால் அதைத்தான் வாங்குவேன்.

ஈயப்பற்று

எனக்கு மாற்றுக் கருத்து. புரொப்பிலீன் கிளைக்கால் அடிப்படையிலான கூலண்ட்டை வடிநீரில் பாதிக்குப் பாதி கலந்து ஓட்டுகிறேன். துருத் தடுப்பு அதிலேயே இருக்கிறது, தீப்பிடிக்கும் கவலை இல்லை, வெற்றிடத்தில் கொதிக்கும் தொல்லையும் குறைவு.

பழையகையேடு

அது கெட்டியானது நண்பரே. அந்தச் சிறு வால்வுகளில் கெட்டியான திரவம் ஓடினால் கார் விறைக்கும், குளிர் நாளில் இன்னும் கூடுதலாக. நீங்கள் ஓட்டுகிறீர்கள், வண்டி ஓடுகிறது, மறுக்கவில்லை. நான் செய்ய மாட்டேன்.

ஈயப்பற்று

விறைப்பதை நான் உணர்ந்ததில்லை. உணர்ந்தவர்கள் இருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே திரவமாக இருக்கட்டும் என்பதில் மட்டும் நாம் இருவரும் ஒத்துப்போவோம் என்று நினைக்கிறேன்.

மினி67

திரவச் சண்டை நடக்கட்டும். பாதுகாப்பு பற்றி யாரும் பேசவில்லை. அழுத்தத்தை விடும்போது வால்வில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்துகொண்டு, மெல்ல விடுங்கள். 200 பி.எஸ்.ஐ.க்கு மேல் பீறிடும் ஆல்கஹால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அழுத்தம் போகும்போது உடல் கீழே இறங்கும். அந்த நேரத்தில் அடியில் கையோ தலையோ இருக்கவே கூடாது. ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், கீழே தாங்கு கட்டைகள் வேண்டும்.

ஹோஸ் முனை வாங்கும்போது உள்முள் தனியே திருகி ஏறி இறங்கும் வகையைத் தேடுங்கள். முள்ளைப் பின்வாங்கிய பிறகு ஹோஸைக் கழற்றலாம். இல்லையென்றால் கழற்றும் நொடியில் நீங்கள் ஏற்றியதில் ஒரு பங்கு உங்கள் சட்டைக்கு வரும். வால்வின் மரையை அளந்துகொண்டு வாங்குங்கள்.

இடச்சாய்வு

அனைவருக்கும் நன்றி. சோதனைப் பம்ப், வென்டுரி, டி-இணைப்பு எல்லாம் ஈயப்பற்று சொன்னபடி கட்டிவிட்டேன். திரவம் ஆயத்தமாக வாங்கியது. வெற்றிடம் அசையாமல் நின்றது. பம்ப் செய்தேன், இடப்பக்கம் எழுந்துவிட்டது.

இப்போது புதுக் குழப்பம். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை கையேட்டில் சொன்ன உயரம் வந்துவிட்டது. ஆனால் கேஜ் கையேட்டு எண்ணைவிட 30 பி.எஸ்.ஐ. குறைவாகக் காட்டுகிறது. எண் வரும்வரை இன்னும் ஏற்றவா?

பழையகையேடு

ஏற்றாதீர்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் வழி தவறுகிறார்கள்.

டயரில் காற்று அடிப்பது போல இதை நினைக்கக் கூடாது. இங்கே அழுத்தத்தைத் தீர்மானிப்பது காரின் எடை. பிஸ்டன் மேல் எவ்வளவு சுமை, அதன் பரப்பு எவ்வளவு, அவ்வளவுதான் அழுத்தம். திரவம் சேர்க்கச் சேர்க்க முதலில் ஏறுவது உயரம். அழுத்தம் சிறிதளவே மாறும். எண்ணைப் பிடிக்கத் துரத்திக்கொண்டே போனால் கார் ஒட்டகமாக எழும்பி நிற்கும், முள் அப்போதும் நீங்கள் விரும்பிய இடத்துக்கு வந்திருக்காது. உயரத்தைச் சரிசெய்யுங்கள். அழுத்தம் என்பது நோய் கண்டறிய உதவும் எண்.

முதலில் கேஜைச் சந்தேகியுங்கள். அதே கேஜை வலப்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தப் பக்கம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பக்கம், உயரமும் சரி. அங்கேயும் அதே 30 குறைந்தால் குற்றவாளி கேஜ். அங்கே கையேட்டு எண் வந்தால் திரும்பி வாருங்கள், வேறு தேடலாம்.

மினி67

அளக்கும் முன் காரைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டினீர்களா? ஜாக்கிலிருந்து இறக்கிய கார் டயர்களின் பிடிப்பால் உயர்ந்தே நிற்கும். உருட்டி, நான்கு மூலைகளையும் அழுத்திவிட்டு, மட்டமான தரையில் அளக்க வேண்டும். பெட்ரோல் அளவு, டிக்கியில் கிடக்கும் கருவிகள், எல்லாமே கணக்கில் சேரும்.

இடச்சாய்வு

உருட்டியதும் இடப்பக்கம் முன்னால் ஒரு விரல் அகலம் தணிந்தது. வலப்பக்கத்தை அதே கேஜில் பார்த்தேன். இடப்பக்கத்தைவிட 10 பி.எஸ்.ஐ. மட்டுமே கூடுதல்.

பழையகையேடு

அப்படியானால் கேஜ் 20 குறைத்துக் காட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மிச்சமிருக்கும் 10, தணிந்த உயரத்தைத் திரும்ப ஏற்றும்போது பெருமளவு ஈடாகிவிடும். ஏற்றிய பிறகு வலப்பக்கத்தையும் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு பக்கம் எழுந்தால் எடை மறுபக்கம் சாயும், அங்கே உயரம் மாறும். இரண்டையும் மாறி மாறித் தொட்டுத்தான் சமன் செய்ய முடியும்.

வெற்றிடம்

ரப்பர் நெடுநாள் அழுத்தமில்லாமல் கிடந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். புதிய டிஸ்பிளேசர் போட்டால் வேலை அழுத்தத்தைவிடக் கூட்டி, 350 பி.எஸ்.ஐ. வாக்கில், அரை மணி நேரம் வைத்துவிட்டுத்தான் இறக்குவார்கள்; ரப்பர் படிய வேண்டும் என்பதற்காக. உங்களுடையது பழைய ரப்பரும் பழைய ஹோஸும். அந்த வேலையை நான் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் ஓட்டுங்கள், தானாகப் படியும், பிறகு அளந்து சேர்த்துக்கொள்ளலாம்.

கிரீஸ்துளி

அந்தச் சேர்க்கும் வேலைக்காவது கிரீஸ் கன்னை ஒப்புக்கொள்வீர்களா?

பழையகையேடு

அதற்கு ஒப்புக்கொள்கிறேன் தம்பி. கேஜ் மாட்டியிருந்தால்.

இடச்சாய்வு

ஓட்டிப் பார்த்துவிட்டு அளந்தேன். உயரம் இரண்டு பக்கமும் கையேட்டு வரம்புக்குள் இருக்கிறது, யூனியன்களைச் சுற்றிக் கட்டியிருந்த காகிதம் உலர்ந்தே இருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது முன்போலத் தலையாட்டுவதும் இல்லை. வலப்பக்கத்துக் குழாயும் இடப்பக்கத்தின் வயதுதான். வெளியே துரு தெரிகிறது, கசிவு இல்லை. அதையும் இப்போதே மாற்றுவதா, காத்திருப்பதா?

ஈயப்பற்று

பம்பும் மீதித் திரவமும் கையில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். யூனியன் நட்டுகளுக்கு முந்தைய நாளே துரு இளக்கி தெளித்து வையுங்கள். டிஸ்பிளேசரிலிருந்து வரும் ஹோஸ் முனையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு திருப்புங்கள், ஹோஸ் முறுக்கிக்கொண்டால் அதையும் வாங்க வேண்டி வரும். வால்வுக்கு உலோக மூடி, உள்ளே ரப்பர் வளையத்தோடு.